மாற்றுச் சிறுநீரகமும் மறைந்துவரும் புற்றும்

1954ஆம் ஆண்டு ஜூன் திங்களில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், புதுச்சேரியும் அதைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் பொறுப்புக்கு வந்தன. டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மனிதரின் சிறுநீரகம் இன்னொரு மனிதருக்குப் பொருத்தப்பட்டு, உலகில் முதன்முதலாக நிலைத்து நின்றது.

இம்மூன்றுக்கும் தொடர்பு உண்டென்று அன்று எவருக்கும் தோன்றியிராது. ஆனால் இன்று வில்லியனூர் சுல்தான்பேட்டையிலோ பாகூர் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலோ ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, பிறகு ஒருநாள் கழுத்தில் நெறி கட்டக் கண்டாரானால், அந்த வரலாறுகள் அவர் உடலில் வந்து ஒன்றுகூடுகின்றன. சிறுநீரகத்தைக் காத்து நின்ற மருந்தே புற்றுக்கும் வாயில் திறந்துவிட்டதோ என்ற கேள்வி அப்போது எழும். இக்கேள்வியை மருத்துவ உலகம் எப்போது கேட்டது, எப்படி விடை கண்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை பாஸ்டனுக்கு முன்பே, பாரிஸில் தொடங்குகிறது. புதுச்சேரி மீது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1952ஆம் ஆண்டு டிசம்பரில், மாரியுஸ் ரெனார் என்னும் பதினாறு வயதுத் தச்சுத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்தான். சிதைந்த சிறுநீரகத்தை அறுவை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். அதன் பின்னரே, பிறவியிலேயே அவனுக்கு இருந்தது அந்த ஒன்றுதான் என்று தெரியவந்தது. அவனுடைய தாயார் தம் சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினார். நெக்கேர் மருத்துவமனையில் டாக்டர் ழான் ஆம்பூர்ழேயின் குழுவினர் அதனைப் பொருத்தினர். உடனே சிறுநீர் பிரிந்தது. பிரெஞ்சு நாடே அச்சிறுவனுக்காகச் செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரங்கள் கழித்து அச்சிறுநீரகம் நின்றுவிட்டது. சிறுவனும் மறைந்தான்.

பெற்ற தாயின் உறுப்பையே உடல் ஏன் ஏற்க மறுத்தது? இதற்கான விடையை இங்கிலாந்தின் பீட்டர் மெடவார் 1940களில் தோல் ஒட்டு ஆய்வுகளின் வழி ஏற்கெனவே காட்டியிருந்தார். நம் இரத்தத்தில் திரியும் வெள்ளணுக்கள் தன் வீட்டாரையும் அயலாரையும் பிரித்தறியும் காவலர்கள். அன்பினால் வந்தது, பகையினால் வந்தது என்ற வேறுபாடு அவற்றுக்குத் தெரியாது. அயலது எனக் கண்டால் அழிப்பதே அவற்றின் பணி. பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே வென்றதற்கும் காரணம் இதுவே. ரிச்சர்ட் ஹெரிக், ரொனால்டு ஹெரிக் என்ற அவ்விருவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள். ஆகவே காவலர்கள் அயலாரைக் காணவில்லை. ரிச்சர்ட் எட்டாண்டுகள் வாழ்ந்தார். சிறுநீரகம் ஈந்த ரொனால்டு 2010 வரை வாழ்ந்தார் என்பதை, ஈவதற்கு அஞ்சும் குடும்பங்களுக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

எல்லாருக்கும் இரட்டையர் வாய்ப்பதில்லை. ஆகவே காவலர்களை அடக்கும் வழி தேடப்பட்டது. முதலில் உடல் முழுவதும் கதிர்வீச்சுச் செலுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோர் கிருமித் தொற்றால் மாண்டனர். பின்னர், ஹிட்சிங்ஸ், எலியன் என்னும் இரு மருந்தியல் அறிஞர்கள் உருவாக்கிய அசதயாப்ரின் என்ற மாத்திரை வந்தது. இங்கிலாந்தின் ராய் கால்ன் அதை நாய்களிடம் சோதித்துப் பயன் கண்டார். 1962இல் பாஸ்டனில், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் இம்மருந்தின் துணையால் உறவில்லாத ஒருவரின் உடலில் நிலைத்தது. (புதுச்சேரி சட்டப்படி முழுமையாக இந்தியாவுடன் இணைந்ததும் அதே ஆண்டில்தான், ஆகஸ்டு 16ஆம் நாள்.) அடுத்த ஆண்டில் டென்வர் நகரத்து டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல், அசதயாப்ரினோடு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து வெற்றிமேல் வெற்றி கண்டார். உலகம் கைதட்டியது.

விருந்தாளியையும் குரைத்து விரட்டுகிறதே என்று காவல் நாயைக் கட்டிப்போட்டால், அன்றிரவு வரும் திருடனுக்கும் அது வசதியன்றோ? அப்படியோர் ஐயத்தை அறுவை மருத்துவம் வளர்வதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட் கிளப்பியிருந்தார். நம் உடலில் நாள்தோறும் சில அணுக்கள் நெறி பிறழ்கின்றன. காவலணுக்கள் அவற்றை முளையிலேயே கிள்ளி எறிவதால்தான் நாம் அனைவரும் புற்றுநோயாளிகளாகாமல் இருக்கிறோம் என்பது 1950களில் அவர் முன்வைத்த கருத்து. அது வெறும் கருத்தாகவே இருந்தது. மனிதரிடம் சோதித்துப் பார்க்க எவருக்கும் மனம் துணியாது.

சோதனை தானாகவே வந்து சேர்ந்தது. நுரையீரல் புற்று இருந்த ஒருவரின் சிறுநீரகம், அதில் புற்றணு ஒளிந்திருப்பது தெரியாமல் இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டது. பிறருடைய புற்று இவர் உடலில் வளர்ந்து பரவியது. வேறு வழியின்றி மருத்துவர்கள் அடக்கு மருந்துகளை நிறுத்தினார்கள். கட்டவிழ்ந்த காவலணுக்கள் பொருத்திய சிறுநீரகத்தை அழித்தன. கூடவே, பரவியிருந்த புற்றையும் அழித்தன! முர்ரே உள்ளிட்ட பாஸ்டன் மருத்துவர்கள் இதனை 1968இல் வெளியிட்டபோது மருத்துவ உலகம் வியந்து நின்றது. ஒரே நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன: உறுப்போடு புற்றும் குடிபெயரக்கூடும், மனித உடலின் காவலுக்குப் புற்றை வெல்லும் வலிமையும் உண்டு.

ஆயினும் இது பிறருடைய புற்று. நோயாளியின் சொந்த அணுவிலேயே முளைக்கும் புற்றுக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டா? இக்கேள்விக்கு விடை தேடியவர் இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, டென்வரில் ஸ்டார்ஸலோடு பணியாற்றியவர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் சிலருக்கு லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்று தோன்றுவதை அவர்கள் கவனித்தார்கள். உலகமே தங்கள் சாதனையைப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில், அச்சாதனையின் மீது விழுந்த கறையை 1969இல் தாங்களே அச்சேற்றினார்கள். பென் அதோடு நின்றுவிடவில்லை. 1968இல் ஒரு பதிவேட்டைத் திறந்து, எந்த நாட்டில் எந்த மருத்துவமனையில் உறுப்பு மாற்றியவருக்குப் புற்றுநோய் வந்தாலும் விவரம் எழுதி அனுப்புமாறு சக மருத்துவர்களை வேண்டினார். அஞ்சலில் வந்தவற்றை ஒவ்வொன்றாகக் குறித்தார். டென்வரில் தொடங்கிய அப்பதிவேடு அவரோடு சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்தது. 1999இல் அவர் மறையும்வரை ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வரலாறு அதில் சேர்ந்தது. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

தன் தொழிலின் தோல்வியை இப்படித் தானே எழுதிவைப்பது புதிய வழக்கமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கிய பேரறிஞர். தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் புற்றைப் பற்றிப் பேசுமிடத்தில், சிறியதாயின் அறுத்தெடுக்கலாம் என்றவர், முதிர்ந்து பெருத்த புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். அரபு மொழியில் இந்நோய்க்குப் பெயர் ஸரத்தான். நண்டு என்று பொருள். கிரேக்கரும் நண்டென்றே அழைத்தனர், கால் பரப்பிக் கவ்வும் தன்மையால். நம் தமிழ் முன்னோர் கறையான் புற்றைக் கண்டு பெயரிட்டனர். உள்ளே எத்தனை அறைகள் எவ்வளவு ஆழம் என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாதே. எனக்கு நம் பெயரே பொருத்தமாகப் படுகிறது.

பென்னின் பதிவேட்டில் ஒரு குறை இருந்தது. எத்தனை பேருக்குப் புற்று வந்தது என்று அது சொல்லும். எத்தனை பேரில் இத்தனை என்று சொல்லாது. அதனை நிரப்பியவர் இங்கிலாந்தின் லியோ கின்லன். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் சிறுநீரகம் பெற்ற ஏறத்தாழ 3,800 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1979இல் அவரும் உடனாய்வாளர்களும் கணக்கை வெளியிட்டனர். பொதுமக்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு லிம்ஃபோமா இவர்களிடம் காணப்பட்டது. ஐயம் முற்றிலும் நீங்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பையிலும் வாரணாசியிலும் 1960களில் நடந்த முயற்சிகள் நீடிக்கவில்லை. 1971ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், டாக்டர் மோகன் ராவ், டாக்டர் ஜானி ஆகியோர் உயிருள்ளவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டனர். அதன் பின் பல்லாண்டுகள் நம் பகுதி மக்களுக்கு வேலூரும் சென்னையுமே கதி. வில்லியனூரிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து திருவண்ணாமலை வழியாக வேலூர் என்று, இரத்தச் சுத்திகரிப்புக்கும் அறுவைக்கும் பின்னர் மாதாந்திரச் சோதனைக்கும் அலைவதென்றால், வயல் விற்றவர் உண்டு. நகை விற்றவர் உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நம் கோரிமேட்டு ஜிப்மரில் சிறுநீரக மாற்று அறுவை தொடங்கியது 2012இல்தான். இன்று வில்லியனூர்வாசி ஒரு பேருந்து மாறி அங்கே போய்விடலாம். புற்றுநோய்க்கான வட்டார மையமும் அதே வளாகத்திலேயே இருக்கிறது.

நம் வீட்டுச் சமையலறையில் ஆட்டின் குண்டிக்காய் என்றால் எவருக்கும் தெரியும். தம் உடலில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அறுவை நடந்த பின்னர் அது இன்னும் குழப்பமாகிறது. புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் இடுப்பெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். பழுதுபட்ட பழைய இரண்டும் பெரும்பாலும் முதுகுப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே விடப்படுகின்றன. ‘பழையதை எடுத்துவிட்டு மாற்றினார்கள்’ என்றுதான் குடும்பத்தார் எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயலிழந்து சுருங்கிய அப்பழைய சிறுநீரகங்களில் காலப்போக்கில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன. அவற்றில் சிலவற்றில் புற்று வளர்கிறது. பல ஆண்டுகள் நலமாக இருந்தவரின் சிறுநீரில் வலியின்றி இரத்தம் கலந்து வந்தால், புதிய உறுப்பை மட்டுமன்றிப் பழையவற்றையும் ஸ்கேன் செய்து பார்ப்பது இதனால்தான்.

இவ்விடத்தில் பெல்ஜிய நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய வேண்டி ஒரு மருத்துவ நிலையத்தில் சீன மூலிகைப் பொடி உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் விரைந்து கெட்டன. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்துச் செடியின் வேர் தவறுதலாகக் கலந்துவிட்டதைப் பின்னர் கண்டறிந்தார்கள். பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் பழைய சிறுநீரகங்களிலும் அவற்றிலிருந்து இறங்கும் குழாய்களிலும் புற்று தலைகாட்டத் தொடங்கியது. எஞ்சியவர்களில் 39 பேர், நோய் தெரியும் முன்னரே அவற்றை எடுத்துவிட இசைந்தார்கள். எடுத்துச் சோதித்ததில் 18 பேரிடம் புற்று இருந்தது. இது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி. சிறுநீரகத்தைக் கெடுத்த நஞ்சே புற்றின் வித்தையும் தூவிவிட்டுப் போயிருந்தது. அடக்கு மருந்து வந்து காவலைக் கட்டியபோது அது முளைத்தது.

அரிஸ்டலோக்கியா என்ற பெயர் நமக்கு அந்நியம், செடி அந்நியமன்று. நம் கரிசல் வயல்களிலும் வரப்புகளிலும் படரும் ஆடுதின்னாப்பாளையும், வேலியோரத்து ஈசுரமூலியும் அதே இனத்தவை. அதே நஞ்சைக் கொண்டவை. ஆடே தின்னாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்த முன்னோரின் அறிவை என்னென்பது! புதுச்சேரியையும் சூழ்ந்த தமிழக மாவட்டங்களையும் சேர்ந்தவர்களிடம், நீரிழிவோ இரத்தக் கொதிப்போ காரணமாகாத சிறுநீரகச் செயலிழப்பு மிகுதியாக இருப்பதை ஜிப்மர் மருத்துவர்கள் கண்டு, 2020இல் ‘தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். வெயிலில் வயல்வேலை செய்யும் உழைப்பாளிகள் இதில் பலர். இதன் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. மூலிகைதான் காரணமென்று சொல்ல நான் வரவில்லை; யாரும் அவ்வாறு காட்டவுமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் சிறுநீரகம் இழந்த ஒருவர், தாம் முன்னர் உண்ட பச்சிலை, பொடி, வலி மாத்திரை எதுவாயினும் மாற்று அறுவைக்கு முன் மருத்துவரிடம் வெட்கமின்றிச் சொல்லிவிட வேண்டியதன் அவசியம் பிரஸ்ஸல்ஸ் பெண்களின் கதையில் இருக்கிறது.

இனி மருந்துகளின் வரலாறு. அசதயாப்ரினுக்குப் பின் வந்த மருந்துகள் பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்தவை. நார்வே நாட்டு மலைமேட்டு மண்ணில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ஸாண்டோஸ் நிறுவன ஆய்வகத்தில் 1972இல் அதன் அடக்கும் ஆற்றல் புலப்பட்டது. ழான் பொரேல் அவ்வாய்வில் முன்னின்றவர். ஜப்பானின் த்சுகுபா மலையடிவாரத்து மண் 1984இல் டாக்ரோலிமஸைத் தந்தது. நம் பகுதி நோயாளிகளில் பலர் இன்று உட்கொள்வது இதைத்தான்.

கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் 1978இல் சைக்ளோஸ்போரினை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். சிறுநீரகங்கள் அதுவரை கண்டிராத அளவில் நிலைத்தன. ஆனால் முதல் 34 பேரில் மூவருக்கு லிம்ஃபோமா தோன்றியது. இதனை 1979இல் அவரே வெளியிட்டார். அளவு மிகுந்ததே காரணம் என்பது பின்னர் விளங்கி, அளவைக் குறைத்தார்கள். 1984இல் ஸ்டார்ஸல் இன்னொரு படி முன்னேறினார். இவ்வகை லிம்ஃபோமா சிலவற்றில், அடக்கு மருந்தைக் குறைத்தாலே கட்டி கரைந்துவிடுவதை அவர் காட்டினார். இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் எப்ஸ்டீன்–பார் என்ற வைரஸ் இருந்தது. உகாண்டாக் குழந்தைகளின் தாடைப் புற்றில் 1964இல் கண்டெடுக்கப்பட்டது அது. நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறுவயதிலேயே குடிபுகுந்து, காவலுக்கு அஞ்சி வாழ்நாளெல்லாம் முடங்கிக் கிடப்பது. காவல் தளர்ந்தால் எழுந்து நடமாடுகிறது.

நம் நாட்டில் 1980களில் சைக்ளோஸ்போரின் விலை சாமானியருக்கு எட்டாதது. பலர் முதற்சில மாதங்களுக்கு மட்டும் அதை வாங்கி உண்டு, பிறகு மலிவான பழைய மருந்துகளுக்குத் திரும்பினார்கள். குறைவான அடக்குமுறையில் வாழ நேர்ந்த அவ்வேழைகளுக்கு ஒரு வகையில் புற்று அபாயம் குறைந்திருக்கக்கூடும். ஆனால் சிறுநீரகத்தையே இழக்கும் அபாயம் தலைமேல் தொங்கியது. இவ்விரண்டுக்கும் இடையிலான தராசு எப்படி ஆடுகிறது என்பதைப் பிரான்ஸின் நாந்த் நகர மருத்துவர்கள் 1998இல் அழகாகக் காட்டினார்கள். 231 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வழக்கமான அளவிலும் மறு கூறுக்குக் குறைந்த அளவிலும் சைக்ளோஸ்போரின் தந்தார்கள். குறைந்த அளவு பெற்றோரிடம் புற்று குறைந்தது. உறுப்பை உடல் எதிர்த்துத் தாக்கிய நிகழ்ச்சிகளோ கூடின. மருத்துவர் மாத்திரையில் கால் பங்கைக் கூட்டிக் குறைக்கும்போது அவர் மனத்தில் ஆடுவது இந்தத் தராசுதான். அதை வீட்டில் நாமே பிடித்துப் பார்க்கக்கூடாது. புற்று வந்துவிடுமே என்று பயந்து மாத்திரையைத் தாமாகவே நிறுத்தி, தாயோ மனைவியோ ஈந்த சிறுநீரகத்தைச் சில வாரங்களில் இழந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் ஈவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் நினைத்தால், அவ்விழப்பு ஒருவருடையது மட்டுமன்று.

ஒவ்வொரு நாட்டிலும் புற்று ஒவ்வொரு வடிவில் வருவது இவ்வரலாற்றின் விந்தையான பகுதி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், வெள்ளைத் தோலும் சுடும் வெயிலும் சேர்ந்ததால், மாற்றுச் சிறுநீரகம் பெற்று 20 ஆண்டுகள் கடந்தோரில் 70 விழுக்காட்டினருக்குத் தோல் புற்று வந்தது. வெயில் குறைந்த நெதர்லாந்தில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. அசதயாப்ரின் உடலணுவின் மரபிழையில் கலந்து, வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் அவ்விழையைச் சேதப்படுத்துகிறது என்று 2005இல் விளங்கியது. நம்மவர் கருமை நிறம் இவ்வகையில் ஒரு கவசம். இந்திய மருத்துவமனைகளின் அறிக்கைகளில் தோல் புற்று அரிதாகவே காணப்படுகிறது. வெற்றிலையோடு புகையிலை மெல்வோருக்கு அக்கவசம் வாயினுள் இல்லை.

சவூதி அரேபியாவின் நிலை வேறு. அங்கே சிறுநீரக மாற்றுக்குப் பின் தோன்றும் புற்றுகளில் முதலிடம் பெற்றது கபோசி சர்க்கோமா என்று டாக்டர் குனைபியும் சகாக்களும் 1988இல் அறிவித்தார்கள். காலிலும் உடலிலும் ஊதா நிறத் தடிப்புகளாகத் தோன்றும் இந்நோயை 1872இல் வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி விவரித்திருந்தார். ஐரோப்பாவில் அது அரிய முதுமை நோய். அரேபியாவில் ஏன் இவ்வளவு? 1994இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்ற தம்பதியர் அதன் வைரஸைக் கண்டுபிடித்த பிறகு புதிர் அவிழ்ந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அவ்வைரஸ் மக்களிடையே மிகுதி. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவரோ, அங்கேயே சிகிச்சை பெற்றவரோ நம் குடும்பங்களில் இல்லாத வீடு எது? அவர்கள் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

கபோசி நோய்க்கு மருந்து கிடைத்த விதம் ஒரு தனிக்கதை. பசிபிக் கடலின் நடுவே உள்ள ஈஸ்டர் தீவின் மண்ணை 1964இல் ஒரு கனடியக் குழு அள்ளிவந்தது. மாண்ட்ரியல் நகரத்து நிறுவனம் ஒன்றில், பஞ்சாப் மண்ணில் பிறந்த சுரேந்திரநாத் ஸெகல், அம்மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ராபமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். நிறுவனம் அவ்வாய்வில் ஆர்வமிழந்து கைவிட்டபோது, ஸெகல் நுண்ணுயிர் மாதிரியைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். பின்னர் ஆய்வு மறுபடி தொடங்கி, சிரோலிமஸ் என்ற பெயரில் 1999இல் அது சிறுநீரகம் காக்கும் மருந்தாயிற்று. 2005இல் இத்தாலிய மருத்துவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றுக் கபோசி நோய் கண்ட 15 பேருக்குச் சைக்ளோஸ்போரினை நிறுத்திச் சிரோலிமஸைக் கொடுத்தார்கள். பதினைவருக்கும் தோல் தடிப்புகள் மறைந்தன, சிறுநீரகமும் நிலைத்தது. காவலை அடக்கிக்கொண்டே புற்றையும் அடக்கும் மருந்து! ஆனால் அதற்கும் தனித் தொல்லைகள் பல உள, எல்லாருக்கும் ஏற்றதாகாது.

இன்று நம் முன் உள்ள கணக்கு என்ன? ஆஸ்திரேலியாவில் சிறுநீரகப் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்து 28,855 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரிடம், சாதாரணத் தோல் புற்றை நீக்கிய பின்னும், புற்றுநோய் பொதுமக்களைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. கூடியவற்றில் மிகுதியானவை வைரஸ் தொடர்புடையவை. மார்பகப் புற்றும் ஆண்களின் புராஸ்டேட் புற்றும் கூடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் எல்லா உறுப்புகளையும் சேர்த்து 1,75,732 மாற்று அறுவைகளை ஆராய்ந்து 2011இல் கண்டது இரு மடங்கு. லிம்ஃபோமா ஏழெட்டு மடங்கு. கின்லன் கண்ட 60 மடங்கு எங்கே, இது எங்கே!

மூன்று மடங்கு என்ற சொல்லைக் கேட்டு அறுவையே வேண்டாமென்று அஞ்சுவோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்து இரத்தச் சுத்திகரிப்பிலேயே இருந்தோரையும், உறுப்புக் கிடைத்தோரையும் 1999இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தோரின் நீண்டகால இறப்பு அபாயம் 68 விழுக்காடு குறைவாக இருந்தது. புற்று அபாயத்தையெல்லாம் உள்ளடக்கிய கணக்கு இது.

ஈவோரிடமிருந்து வரும் புற்றைப் பற்றியும் ஒரு சொல். ஸ்காட்லாந்தில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டு 16 ஆண்டுகள் நலமாக வாழ்ந்து இறந்த ஒருவரின் இரு சிறுநீரகங்கள் இருவருக்கு வைக்கப்பட்டன. இருவருக்கும் மெலனோமா வந்தது. 2003இல் வெளிவந்த செய்தி இது. ஈவோரின் பழைய நோய்களைப் பற்றி மருத்துவமனையில் துருவித் துருவிக் கேட்கும்போது, ‘உதவ வந்தவரைக் குற்றவாளி போல விசாரிக்கிறார்களே’ என்று மனம் கோணுகிற உறவினர்களை நான் அறிவேன். அவ்விசாரணைக்குப் பின்னால் இருப்பது அந்த ஸ்காட்லாந்துக் குடும்பங்களின் துயரம்.

நம் நாட்டில் இப்படி ஊர் ஊராக, ஆண்டாண்டாக இணைத்துப் பார்த்த பெருங்கணக்கு அரிது. சென்னையில் அடையாறு மருத்துவமனை நடத்தும் மக்கள் புற்றுநோய்ப் பதிவேடு 1982இல் தொடங்கியது. ஆனால் சிறுநீரகம் பெற்றவர் யார், புற்று வந்தவர் யார் என்று இரண்டையும் பொருத்திப் பார்ப்பது வேறு வேலை. தனித்தனி மருத்துவமனைகள் தத்தம் நோயாளிகளைப் பற்றி எழுதியவையே நமக்குக் கிடைக்கின்றன. வேலூரில் அறுவை, சென்னையில் பின்சோதனை, காய்ச்சலுக்கு உள்ளூர் டாக்டர் என்று மூன்று இடங்களில் சிதறிய நோயாளியின் வரலாறு எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை.

ஆகவே அப்பதிவேடு இப்போதைக்கு வீட்டில்தான் இருக்கிறது. அறுவை நடந்த நாள், ஈந்தவர் யார், அவருக்கும் பெற்றவருக்கும் கல்லீரல் அழற்சி வைரஸ் இருந்ததா, எந்த மருந்து எந்த ஆண்டில் எந்த அளவில் மாற்றப்பட்டது ஆகிய விவரங்கள் மருத்துவமனை விடுவிப்புச் சீட்டிலும் பழைய மருந்துச் சீட்டுகளிலும் இருக்கும். ஆண்டுக்கொரு முறை வாய், தோல், கழுத்து, அக்குள் இவற்றைக் காட்டிச் சோதித்துக்கொள்வதும், பெண்கள் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொள்வதும், பழைய சிறுநீரகங்களை ஸ்கேன் பார்ப்பதும் அந்நோட்டில் ஏறவேண்டியவை. காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், ஆறாத புண், கட்டிய நெறி இவை எது தோன்றினாலும் நாட்பட விடாமல் காட்ட வேண்டும். இங்கே காய்ச்சலென்றால் காசநோய் என்று நினைப்பது மருத்துவருக்கும் இயல்பு. காவல் தளர்ந்த உடலில் அதுவும் வரக்கூடியதே. கழுத்து நெறியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால் எதுவென்று தெரிந்துவிடும். 

எல்லாவற்றையும்விட, தாம் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் ஓடிவிட்ட பிறகு அதை மறந்துவிடுகிறார்கள். அடிவயிற்றுத் தழும்பு சட்டைக்குள் மறைந்திருக்கிறது. வேளைக்கு இரண்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை போலப் பழகிப்போய்விடுகிறது. வில்லியனூர்க் கடைத்தெருவில் இரவு ஒன்பது மணிக்குக் கடையடைக்கும் நேரத்தில் கைநாடி பிடிக்கும் இளம் மருத்துவருக்கு, சொன்னாலன்றி அது தெரிய வழியில்லை.